ஆறு போத்தல்

பியர் காய்ச்சுவது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால் ஒரு மணித்தியாலம் நிற்கவைத்து வகுப்பெடுப்பேன். ஆனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெண்டில் ஹில்லில் இருக்கிற ஐம்பத்திரண்டு வயது யோகராணியிடம் வடை எப்படி இவ்வளவு மொறுமொறுப்பாக வருகிறது என்றுதான் கேட்பார்கள். என் வடையைவிட என் பியர் திறம். இத்தனைக்கும் நான் ஒரு மிடறு விழுங்கியதில்லை. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிங்கில் துப்பிவிடுவேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஐந்து மாதம். அதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

என் கணவர் சிறிதரனுக்குப் பேக்கரிப் பாண் செய்கிற ஒரு பக்டரியில் வேலை. விடிய ரயில் ஏறிப் போய் மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். 2010இல் ஊரிலிருந்து படகில் இந்த நாட்டுக்கு வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் பத்தொன்பது மாதம் இருந்தார். நானும் மகள் லக்சிகாவும் வந்து சேர மேலும் ஐந்து வருஷம் பிடித்தது. விமான நிலையத்தில் நான் கண்டது அதே ஆளைத்தான். அதே சிரிப்பு, பொய் சொல்லத் தெரியாத அதே வாய். குடி மட்டும் புதிது.

"எப்ப இருந்து உது?" என்று கேட்டேன்.

"வெளியில விட்ட அண்டையில இருந்து," என்றார். உள்ளுக்குள் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை.

குடித்துவிட்டு அடிக்கிற மனுசன் என்றால் பொலிசைக் கூப்பிடலாம். சத்தம் போடுகிற ஆள் என்றால் நானும் பதிலுக்குப் போடலாம், அதற்கு எனக்கு வாய் இருக்கிறது. இவர் பத்துப் போத்தல் குடித்துவிட்டு, தின்ற கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுப்பார். இந்த ஆளைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? அதோடு ஒரு கொள்கை வேறு. குடித்தால் கார்ச் சாவியைத் தொடமாட்டார். ஒரேயொரு போத்தல் என்றாலும் தொடமாட்டார். "சாவி அங்க இருக்கட்டும், நான் இஞ்ச இருக்கிறன்," என்பார். கொட்டுகிற மழையில் லக்சிகா பஸ்ஸுக்கு நடந்து போனாலும் அந்தச் சட்டம் மாறாது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதி இருந்தது.

போன வருஷம் ஆடி மாதம் டொக்டர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஈரல் கெட்டுக்கொண்டு வருகிறது, இப்படியே போனால் இரண்டு வருஷம், பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வீட்டுக்கு வந்து இவர் சத்தியம் பண்ணினார். எத்தனையாவது சத்தியம்? சாமிப் படத்துக்கு முன்னால், என் தாலியில், லக்சிகாவின் தலையில் என்று வைக்காத இடமில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கும், நான்காம் நாள் வேர்த்து ஒழுகும், ஐந்தாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய்விடுவார். ஒரு கிழமை தாண்டியதாகச் சரித்திரமே இல்லை. குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்குப் போகச் சொன்னால், "தெரியாத வெள்ளைக்காரருக்கு முன்னால கதிரையில இருந்து அழ எனக்கு ஏலாது ராணி," என்றார்.

சொல்லிப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, ஏசிப் பார்த்து நான் களைத்துப்போனேன். பிறகுதான் இந்த விசர் யோசனை வந்தது.

விசர் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அது எனக்குப் பெரிய கெட்டித்தனமாகப் பட்டது. இவருக்குச் சலரோகம் தொடங்கிய வருஷம் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி கேட்பார். குறையுங்கோ என்றால் சண்டை. நான் வாயை மூடிக்கொண்டு மாதத்துக்கு ஒரு சிட்டிகையாகக் குறைத்து, ஒரு வருஷத்தில் அரைக் கரண்டிக்குக் கொண்டுவந்தேன். ஆளுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் பெண்களுக்கு இது கைப்பழக்கம். மாமிக்கு உப்பு, மாமாவுக்குத் தேங்காய்ப்பால், பிள்ளைக்குச் சொக்லட். சொல்லிக் குறைத்தால் வீடு இரண்டுபடும், சொல்லாமல் குறைத்தால் எல்லாருக்கும் சுகம். கடையில் வாங்குகிற பியரில் நான் என்னத்தைக் குறைப்பது? என் கையால் காய்ச்சினால் குறைக்கலாம்.

முதியோர் இல்லத்துக் குசினியில் என்னோடு வேலை செய்யும் டெபோராவின் புருஷன் அவளை விட்டுப் போனபோது, பியர் காய்ச்சுகிற சாமான்களை விட்டுவிட்டுப் போயிருந்தான். குழாய் வைத்த பெரிய பிளாஸ்டிக் வாளிகள் இரண்டு, மூடி அடிக்கிற கருவி, பழுப்புப் போத்தல்கள் ஆறு பெட்டி. "அவனும் போய்விட்டான், இதுவும் போகட்டும்," என்று என் காரில் ஏற்றிவிட்டாள்.

அன்றைக்கே இவரைப் பிடித்து இருத்தினேன். "இஞ்சாருங்கோ, கடைச் சாமானுக்குள்ள என்ன கோதாரியைக் கலக்கிறாங்களோ தெரியாது. நான் வீட்டில காய்ச்சித் தாறன். அதை மட்டும்தான் குடிக்க வேணும். கடைப் பக்கம் தலை காட்டக் கூடாது. ஒரு நாளுக்கு ஆறு. அதுக்கு மேல ஒண்டும் இல்லை."

இவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "நீர் பியர் காய்ச்சப் போறீரோ? கோயில்ல மடைப்பள்ளிக்கு ஆள் காணாதெண்டு கூப்பிட்டாலே போகமாட்டீர்!"

"ஓமோ இல்லையோ?"

"ஓம். ஆனா ஆரும் ஒரு கொண்டாட்டத்துக்குக் கூப்பிட்டுத் தந்தா?"

"அங்கயும் ஆறுதான்."

"சரி. ஆறு எண்டா ஆறு," என்று கையில் அடித்துத் தந்தார். அந்த வாக்கை அவர் ஒருநாளும் மீறவில்லை. நான்தான் சட்டைப் பொக்கற்றில் ரசீது தேடியவள், காருக்குள் மணந்து பார்த்தவள்.

முதல் தரம் காய்ச்சியது ஒரு கூத்து. மால்ட் என்கிற முளைவிட்ட பார்லிப் பாணி தகரத்தில் வருகிறது. கறுப்பாக, பனம்பாணி மாதிரித் தடிப்பாக இருக்கும். அதைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஒரு கிலோ சீனி போட்டு, இருபத்துமூன்று லீற்றர் வரைக்கும் தண்ணீர் விட்டு, ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட வேண்டும். காய்ச்சுவது என்று பெயர், அடுப்பில் ஒன்றும் இல்லை. தகரத்து மூடிக்குள் இருந்த தாளில் முதல் வரியே, எல்லாவற்றையும் கிருமிநாசினியால் கழுவு என்று இருந்தது. நான் கழுவாத பாத்திரமா? பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். பிறகு கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு நன்றாகக் கலக்கினேன். தோசை மாவுக்கும் அப்ப மாவுக்கும் கை போட்டுக் கலக்கினால்தானே பொங்கும்? இந்த நாட்டில் ஆவணி குளிர்காலம் வேறு. வாளியைக் கம்பளியால் சுற்றிச் சுடுதண்ணீர்ச் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பொங்கட்டும் என்று போய்ப் படுத்தேன்.

பொங்கியது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் மேலே வெள்ளையாக ஒரு ஆடை படர்ந்திருந்தது. வீடு முழுக்க மணம்.

"அம்மா, ஸ்மெல்ஸ் லைக் எ நெயில் சலூன்," என்று லக்சிகா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பத்தொன்பது வயது. நேர்ஸிங் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவளுக்குப் பாதி ஆங்கிலத்தில்தான் பதில் வரும்.

இவர் மரியாதைக்கு ஒரு மிடறு குடித்தார். முகம் கோணிப்போய்விட்டது. "ராணி, இதைத் தொடர்ந்து தந்தீரெண்டா நான் குடியை விட்டிடுவன்," என்றார்.

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். இருபத்துமூன்று லீற்றரையும் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றினோம்.

நான் விடுகிற ஆளில்லை. பரமட்டாப் பக்கம் பியர்ச் சாமான் விற்கிற கடை ஒன்றைத் தேடிப் போனேன். மூக்கில் வளையம் போட்ட ஒரு பெட்டை நின்றாள். நான் கையால் கலக்கிய கதையைக் கேட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். சோப்பு நுரையைக் கொல்லும், கையில் இருக்கிற கிருமி பியரைக் கொல்லும், சூடு ஈஸ்ட்டுக்கு விசர் பிடிக்கவைக்கும் என்றாள். பதினெட்டு, இருபது பாகைச் சூட்டில் வை. மூடியைத் திறந்து பார்க்காதே. பத்து நாள் உன் கையைக் கட்டிக்கொண்டு இரு. மா புளித்ததா என்று நாளுக்கு இரண்டு தரம் திறந்து பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பத்து நாளும் விரதம் இருந்த மாதிரி இருந்தது. லோண்டரித் தொட்டியில் தண்ணீர் விட்டு வாளியை இறக்கி, மேலே ஈரத் துவாய் சுற்றினேன். மூடியில் செருகிய குழாயில் குமிழி வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரவு பகல் அதன் குளுக் குளுக் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போத்தலில் அடைக்கும்போது வாயு வருவதற்குக் கொஞ்சம் சீனி போட வேண்டும். கண்ணளவில் போட்டேன். இரண்டு போத்தல் வெடித்து லோண்டரிச் சுவர் நாறிப்போனது. அதற்குப் பிறகுதான் அளந்து போடுகிற புத்தி வந்தது. மூன்றாம் தரம் காய்ச்சியதை இவர் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரை விரல் தடிப்பில் நின்றது. குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"ராணி, இது பியர்," என்றார். கலியாணம் முடித்து இருபத்துநாலு வருஷத்தில் என் சமையலுக்கு அவர் இப்படிக் கண்ணை மூடினதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை. அதுதான் உண்மை, மறைக்க என்ன இருக்கிறது.

பிறகு என் வேலையைத் தொடங்கினேன். கடைப் பெட்டை ஒரு கண்ணாடி மிதவை விற்றிருந்தாள். சீனி கூடின தண்ணீரில் அது உயர மிதக்கும். ஈஸ்ட் சீனியைத் தின்று முடித்த பிறகு தாழும். முதலும் கடைசியும் எடுத்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கினால் நூற்றுக்கு எத்தனை வீதம் மதுசாரம் என்று வந்துவிடும். நல்ல பியரில் நாலரை வீதம் வந்தது. அடுத்த வாளிக்குச் சீனியில் ஒரு கோப்பை குறைத்தேன். அதற்கடுத்ததற்கு இன்னொரு கோப்பை. கார்த்திகையில் சீனியே இல்லை, இரண்டு வீதம். பிறகு மால்ட்டிலும் கை வைத்தேன். வெறும் தண்ணீர்போல ஆகிவிடாமல் இருக்க ஒரு மாப்பொடி இருக்கிறது, ஈஸ்ட் அதைத் தின்னாது, வாய்க்குத் தடிப்புக் கொடுக்கும். அதைப் போட்டேன். கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூவை அவித்து ஊற்றினேன். கசந்தால் ஆண்களுக்கு அது பெலமான சாமான். தை பிறந்தபோது என் பியரில் இருந்தது ஒரே ஒரு வீதம். ஆறையும் ஒன்றாகக் குடித்தாலும் கடைப் பியர் ஒன்றரைக்குக் காணாது.

இவருக்குத் தெரியவில்லை. கை நடுங்கவில்லை, வேர்க்கவில்லை. இரவில் ஒழுங்காக நித்திரை கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் கத்தரி நட்டார். நான் ஒவ்வொரு வாளிக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, குசினியில் தனியாக நின்று சிரித்துக்கொள்வேன். யாராலும் முடியாததைச் செய்துவிட்டேன் என்ற எடுப்பு. டொக்டருக்கும் முடியாதது, கடவுளுக்கும் முடியாதது.

மாசி மாதம் ஒருநாள் பின்னேரம் லக்சிகாவுக்கு பஸ் தவறிவிட்டது. ஆறு மணிக்கு சுப்பர்மார்க்கட்டில் அவளுக்குப் பகுதிநேர வேலை. நான் குளிக்கப் போக எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றேன். இவர் ஆறாவது போத்தலை முடித்துவிட்டு எழும்பினார்.

"நான் கொண்டுபோய் விடுறன்," என்றார்.

"குடிச்சிட்டு எங்க போறியள்?" என்றேன். வாய் பழக்கத்தில் சொன்னது.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை ராணி. ஆறு குடிச்சும் ஒண்டும் செய்யேல்லை. முந்தி மூண்டிலயே தலை கிறுகிறுக்கும். வீட்டுச் சாமான்தானே, உடம்புக்குப் பழகிட்டுது போல. பாரும்." குசினித் தரையில் ஓடு சேர்கிற கோட்டில் ஒரு காலுக்கு முன் மற்றக் காலை வைத்து நடந்து காட்டினார். கோடு பிசகவில்லை. ஏன் பிசகும்?

லக்சிகா என்னைத்தான் பார்த்தாள். அவள் சின்னதிலிருந்து சாவிச் சட்டம் பார்த்து வளர்ந்த பிள்ளை. நான் வேண்டாம் என்று சொன்னால் இவர் இருந்துவிடுவார். ஆனால் எனக்குத்தான் தெரியுமே, அவர் உடம்பில் ஒன்றும் இல்லை என்று. பிள்ளைக்கு வேலைக்கு நேரமாகிறது, என் தலையில் எண்ணெய் ஒழுகுகிறது.

"சரி, போட்டு வாங்கோ," என்றேன்.

அன்றிலிருந்து கிழமைக்கு நாலு நாள் அவர்தான் கொண்டுபோய் விட்டார், ஆறு குடித்துவிட்டு. நானும் கையசைத்து அனுப்பினேன். பன்னிரண்டு வருஷமாக அவர் கட்டிக் காத்த ஒரே ஒரு சட்டத்தை நான் ஒரு சொல்லில் உடைத்துவிட்டேன். அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

சித்திரையில் டொக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். ஈரல் எண்கள் பாதிக்குக் கீழே வந்திருந்தன. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மனைவி காய்ச்சுகிற பியரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தேன். திரும்பி வரும்போது காரில் சொல்லிவிடுவோமா என்று நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ரோசத்தில் கடைக்குப் போய்விடுவார் என்று பயந்தேன் என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. அவருக்குத் தெரியாத ஒன்றை நான் தெரிந்து வைத்திருப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

ஆனி மாதம் கேதீஸ்வரன் புது வீடு குடிபூந்தார். வில்லாவுட்டில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர், இப்போது வீடு கட்டுகிற கொந்தராத்து வேலை. கிரேஸ்டேன்ஸில் இரண்டு மாடி. காலையில் பால் காய்ச்சி, ஐயர் வந்து ஓமம் வளர்த்து, மரக்கறிச் சாப்பாடு. ஐயரின் கார் மூலை திரும்பியதும் கராஜ் கதவு திறக்கும், ஆண்கள் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். எங்கள் வீடுகளில் இது எழுதாத நிகழ்ச்சிநிரல். எனக்கு ஞாயிறு வேலை இருந்தது, பாதியில் பஸ் பிடித்துப் போய்விட்டேன். திரும்பக் கார் ஓடிவர, முந்தின மாதம்தான் லைசன்ஸ் எடுத்த லக்சிகா இருந்தாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு, முதியோர் இல்லத்துக் குசினியில் நான் ஜெலி அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

லக்சிகாவின் இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கன்னத்தில் ஒன்பது தையல். ரவுண்டபௌட்டில் கார் திரும்பாமல் நேரே போய், அவள் இருந்த பக்கம் மின்கம்பத்தில் மோதியிருக்கிறது. இவருக்கு நெற்றியில் ஒரு கீறல்தான். பொலிஸ் ஊதச் சொன்னபோது சட்ட அளவைப்போல் இரண்டு மடங்கு காட்டியிருக்கிறது. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் பிள்ளை மருந்து மயக்கத்தில் கிடந்தாள். பக்கத்தில் போய்க் காலைத் தடவினேன்.

"நான்தான் ஓட இருந்தனான் அம்மா," என்றாள். "கீ என்ரை கையிலதான் இருந்தது. அப்பா கேட்டவர். நான் கேட்டனான், ஆர் யூ ஓகே எண்டு. அவர் சிக்ஸ்தான் குடிச்சனான் எண்டார்."

"ஏனம்மா குடுத்தனி?"

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். "வீட்டிலயும் சிக்ஸ்தானே. நீங்கள் எப்பவும் ஓகே எண்டுதானே சொல்லுறனீங்கள்."

நான் வெளியே போய்க் கொரிடோரில் இருந்த கதிரையில் இருந்தேன். அழுகை வரவில்லை. நாலு மாதம் அந்த ஆளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஆறு குடித்தால் கார் ஓடலாம் என்று கிழமை தவறாமல் பாடம் எடுத்தவள் நான். பெரிய கெட்டிக்காரி. குடியே மறந்துபோன உடம்புக்குள் ஆறு நல்ல பியர் போனால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒரே ஆளும் நான்தான். அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் சாவியைப் பறித்திருப்பேன். எதைச் சொல்லிப் பறித்திருப்பேன் என்று தெரியவில்லை.

இவர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. லக்சிகாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரவும் இல்லை. "எந்த முகத்தோட வாறது?" என்றார். குசினியில் இருந்து விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "ஆறுதான். ஏழு இல்லை. நான் எண்ணினனான் ராணி. உமக்குச் சொன்ன மாதிரி ஆறோட நிப்பாட்டினனான். கேதீஸ் ஏழாவதை நீட்ட, வேண்டாமெண்டு தட்டிவிட்டனான்." நான் தேங்காய் துருவிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. கேதீஸ்வரனுக்குப் போன் எடுத்தார். "என்னத்தையடா கலந்தனி? வொட்காவோ? பகிடிக்குச் செய்தனியோ? என்ரை பிள்ளையின்ரை கை முறிஞ்சு போச்சடா!" என்று கத்தினார். இந்த மனுசன் கத்தி நான் கேட்டதே இல்லை.

அரை மணித்தியாலத்தில் கேதீஸ்வரன் வந்து வாசலில் நின்றார். வேலைச் சப்பாத்தோடு, சீமெந்து ஒட்டின உடுப்போடு. உள்ளே வரவில்லை.

"மச்சான், வில்லாவுட்டில ஒரு பாண் துண்டைப் பிச்சுத் திண்டவங்கள் நாங்கள். நான் உனக்கு நஞ்சு தருவனோ? மூடி கழட்டாத போத்தல் தந்தனான். நீதான் கழட்டினனி."

"அப்ப எப்பிடியடா? வீட்டில ஆறு குடிச்சிட்டு நூல் பிடிச்ச மாதிரி நடக்கிறவன் நான். உன்ரை ஆறு என்னை எப்பிடி விழுத்தினது? நீ என்னவோ கலந்தனி. சத்தியமாக் கலந்தனி. இனி என்ரை வாசலுக்கு வராதை!"

கேதீஸ்வரனின் கண் கலங்கிவிட்டது. அந்த ஆள் திரும்பி நடக்கத் தொடங்கினார். இதையும் விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றால் நான் மனுசியே இல்லை.

"நில்லுங்கோ கேதீஸ் அண்ணை," என்றேன். கையெல்லாம் தேங்காய்ப் பூ. "அவர் ஒண்டும் கலக்கேல்லை. இஞ்சாருங்கோ, வீட்டில நான் உங்களுக்குப் பியர் எண்டு தந்தது பியர் இல்லை. வாளிக்கு வாளி குறைச்சு, ஒரு வீதத்துக்குக் கொண்டுவந்திட்டன். தண்ணியும் கசப்பும்தான்."

இவர் முதலில் சிரித்தார், பகிடி என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப இருந்து?"

"ஐப்பசியில தொடங்கினனான். தையில இருந்து ஒண்டுமே இல்லை."

சத்தம் போடுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நல்லாயிருக்கும். அவர் வாசல் படியில் மெல்ல இருந்து, திரும்பவும் விரலை மடக்கினார்.

"தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி." ஐந்து விரலும் மடங்கிவிட்டன. "அஞ்சு மாசம் நான் குடிக்கேல்லை."

"ஓம்."

"ஒரு கிழமை இருந்து காட்ட வேணுமெண்டு உம்மட தாலியில சத்தியம் பண்ணித் தோத்தவன் நான். பிள்ளையின்ரை தலையில அடிச்சுத் தோத்தவன். என்னால ஏலாது, நான் இப்பிடித்தான் சாகப்போறன் எண்டு முடிவெடுத்துத்தான் நீர் காய்ச்சிறதுக்கு ஓம் எண்டனான்." மூச்சு எடுத்தார். "அஞ்சு மாசம் இருந்திருக்கிறன். ஒருக்கா எனக்குச் சொல்லியிருக்கலாம் ராணி. ஒரு மாசத்தில, இந்தாரும் நீர் ஒரு மாசம் குடிக்கேல்லை எண்டு சொல்லியிருந்தா, நான் அண்டைக்கே போத்தலைத் தூக்கி எறிஞ்சிருப்பன். எனக்கு ஏலும் எண்டு தெரிஞ்சிருக்கும்."

"நான் உங்கட உயிரைக் காப்பாத்தத்தான்..." என்று தொடங்கினேன்.

"என்னைக் காப்பாத்தினதை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

பதில் இருந்தது. அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கேதீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு தன் காரில் ஏறினார். இவர் எழும்பிச் செருப்பைக் கொழுவிக்கொண்டு, ரயில் ஸ்டேஷன் பக்கமாக நடந்தார். லைசன்ஸைப் பொலிஸ் வைத்துக்கொண்டதால் நடந்துதான் போக வேண்டும். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். பின்னால் ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். என்ன உரிமையில் பிடிப்பது?

அரை மணித்தியாலத்தில் ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். குசினி மேசையில் வைத்து, அட்டையைக் கிழித்து, ஒரு போத்தலை எடுத்தார். குளிரில் போத்தல் வேர்த்திருந்தது. கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தார். போத்தலைத் திருப்பி, எழுத்து என் பக்கம் தெரியப் பிடித்தார்.

"இதில எத்தனை வீதமெண்டு போட்டிருக்கு? வாசியும்."

"வேண்டாம். உங்கட காலைப் பிடிக்கிறன்."

"நீர் தாறதை இனி நான் நம்பேலாது. இவன் போத்தல்ல போட்டிருக்கிறதை நம்பலாம். பெலத்து வாசியும்."

கண்ணாடி இல்லாமல் எனக்குச் சின்ன எழுத்துத் தெரியாது. தேங்காய்க் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டேன்.

"நாலு தசம் ஒன்பது," என்றேன்.

அவர் மூடியைத் திருகித் திறந்தார்.